இரண்டு பாகத்துக்குச் சற்றுக் குறைவு: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

மலாயாத் தீபகற்பத்துக்கும் சுமத்ராவுக்கும் இடையிலுள்ள மலாக்கா நீரிணையைப் பற்றிப் பட்டர்வொர்த்தில் எங்கள் வாசகர் வட்டம் நடத்திய இரண்டு நாள் கண்காட்சி முடிந்து மூன்று வாரமாகிவிட்டது. "உதவியவர்களுக்கு ஒரு வரி நன்றி எழுத உங்களுக்கு நேரமில்லையா?" என்று வீட்டில் இடித்துரைத்தபடியே இருக்கிறார்கள். ஒரு வரியில் அடங்காது என்பதுதான் தாமதத்துக்குக் காரணம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாங்கள் நடத்த நினைத்தது வேறு கண்காட்சி. நம்மவர்கள் கடலைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் பேச்சு ரஜுலா கப்பலில் ஏறி, பினாங்குத் துறையில் இறங்கி, அங்கிருந்து நேரே ரப்பர் தோட்டத்துக்குப் போய்விடும். எங்களுக்கும் அதுதான் திட்டம். 1926இல் கட்டப்பட்ட ரஜுலா, சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் எத்தனையோ குடும்பங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்த கப்பல். அதில் வந்த தகரப்பெட்டிகள், பழைய கடப்பிதழ்கள், மங்கிய படங்கள் எல்லாவற்றையும் திரட்டி வைத்திருந்தோம். கொடுத்துதவிய குடும்பங்களுக்கு முதல் நன்றி. தகரப்பெட்டிகள் பத்திரமாகத் திரும்பிவிட்டன. ஒன்றின் பூட்டு மட்டும் திறக்க மறுக்கிறது; அது எங்களிடம் வருவதற்கு முன்பே அப்படித்தான் என்று அந்த வீட்டுப் பாட்டியே சாட்சி சொல்லியிருக்கிறார்.

திட்டத்தை மாற்றியது ஒரு கேள்வி. கேட்டவர் கோலாலம்பூரில் கடல்சார் ஆய்வுத் துறையில் பணியாற்றும் ஒரு மலாய்ப் பெண்மணி. பெயரைப் போட வேண்டாம், அலுவலகத்தின் சார்பில் வரவில்லை, சொந்த விடுப்பில் வந்தேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் 'புவான்' (மலாயில் 'அம்மையார்') என்றே எழுதுகிறேன். எங்கள் வட்டத்து உறுப்பினர் ஒருவர் வழியாக அவருக்குச் செய்தி போயிற்று. நாங்கள் அனுப்பிய குறிப்புகளைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். "ரஜுலா வந்த பாதையில் இன்று என்ன போகிறது?" என்றார். வாசகர் வட்டத்தில் பதினொரு பேர். அதில் ஆறு பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. கடற்கரையில் குடியிருந்துகொண்டு இப்படி!

அவர் மூலமாகத்தான் மீமா என்று சுருக்கமாக அழைக்கப்படும் மலேசியக் கடல்சார் ஆய்வுக் கழகத்தின் வெளியீடுகளை முதன்முதலாகப் படித்தேன். 1993இல் அரசு தொடங்கிய கழகம் அது. பெயரைக் கேட்டதும் மீன் தொட்டிகளும் வலைகளுமாக ஓரிடத்தை நான் மனத்தில் வரைந்திருந்தேன். வேலையோ வேறு. கடல் சட்டம், எல்லைச் சிக்கல், கடற்பாதுகாப்பு, கடலோரச் சூழல், கப்பல் வாணிகம் என்று நாட்டுக்குக் கடலில் உள்ள நலன்களையெல்லாம் ஆராய்ந்து அரசுக்குக் கொள்கை யோசனை சொல்வது. கடல் வாடை படாத கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு நீரிணைக்காகவே தனியாக ஆய்வு நடத்துகிறார்கள். வாசலில் கடலை வைத்திருக்கும் நாங்கள் தகரப்பெட்டி தேடிக்கொண்டிருந்தோம்.

என் முதல் வரைவில், "மூன்று கரையோர நாடுகளும் மனம் வைத்தால் நீரிணையை மூடிவிடலாம்" என்று வீராவேசமாக எழுதியிருந்தேன். புவான் அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் '1982' என்று மட்டும் எழுதி அனுப்பினார். அந்த ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி, பன்னாட்டுக் கப்பல்கள் கடந்துபோகும் உரிமையைக் கரையோர நாடுகள் நிறுத்திவைக்க முடியாது. மலேசியா 1996இல் அதை ஏற்று உறுதிசெய்திருக்கிறது. நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தியவனுக்குத் திருத்தப்படுவது எப்படி இருக்கும் என்று காட்டியதற்கும் சேர்த்து நன்றி.

அடுத்து பாகான் தாத்தா. இளமையில் தொங்கான் என்ற சரக்குப் படகில் சரக்கு ஏற்றி இறக்கியவர். வயது எண்பத்து நான்கு. கண்காட்சிக்கு முந்தைய நாள் புவான் ரயிலில் வந்து இறங்கியதும், கடல் வரைபடத்தை மேசையில் விரித்துவைத்து எல்லாரும் சுற்றி நின்றோம். சிலாங்கூர் கரைக்கு அப்பால், கிள்ளான் துறைமுகத்துக்கு மேற்கே ஒரு மணல்திட்டு. ஆங்கிலத்தில் 'ஒன் ஃபாதம் பேங்க்', மலாயில் 'பெர்மாத்தாங் செடெப்பா'. தமிழில் எப்படி எழுதுவது என்று நான் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். டெப்பா என்றால் என்ன என்று தாத்தா கேட்டார். புவான் சொல்லால் பதில் சொல்லவில்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக் காட்டினார். தாத்தா உடனே தம் கைகளையும் அதேபோல் விரித்து, "இது பாகம் அல்லவா!" என்றார். மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருவரும் பறக்கப்போகிறவர்களைப் போல நின்றார்கள். விரித்த இரு கைகளின் நீளம்தான் பாகம்; கடலில் ஆழம் அளக்கும் அளவு. ஒருபாகத் திட்டு! அகராதியை மூடி வைத்தேன்.

அதன் பிறகு தாத்தாவைப் பிடிக்க முடியவில்லை. கப்பலின் அடிமரத்துக்கு 'ஏரா' என்று பெயர் சொன்னார். ஈயக்குண்டு கட்டிய தம் பழைய கயிற்றை வீட்டிலிருந்து எடுத்துவரச் செய்து, பாகத்துக்கொரு முடிச்சாக ஆழம் பார்ப்பதைக் காட்டினார். கப்பல்கள் எதிரெதிரே மோதாமல் தடம் பிரித்துவிடும் முறைக்கு நான் ஐந்து சொல்லில் ஒரு கலைச்சொல் உருவாக்கி வைத்திருந்தேன். கேட்டுவிட்டு, "போகும் தடம், வரும் தடம். இதற்கு இவ்வளவு பாடா?" என்றார். அப்படியே தட்டியில் எழுதினோம்.

அந்தத் தடங்கள் பிறந்த கதையைப் புவான்தான் விளக்கினார். 1975 ஜனவரியில் ஷோவா மாரு என்ற ஜப்பானிய எண்ணெய்க் கப்பல் சிங்கப்பூர் நீரிணையில் தரைதட்டி, எண்ணெய் கடலில் கலந்தது. மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றும் வகுத்த விதிகளைப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 1977இல் ஏற்றது. தடங்கள் 1981இல் நடைமுறைக்கு வந்தன. ஆழமாக அமிழும் கப்பல்களுக்கு ஏராவுக்கும் கடலடிக்கும் இடையே குறைந்தது 3.5 மீட்டர் நீர் இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒரு விதி. ஒரு பாகம் ஆறடி, அதாவது ஏறத்தாழ 1.83 மீட்டர். ஆக 3.5 மீட்டர் என்பது இரண்டு பாகத்துக்குச் சற்றுக் குறைவு. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இருவர் தரையில் வரிசையாகப் படுத்துக் கைகளை விரித்தார்கள். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "பிள்ளைகள் கை குட்டை, பெரியவர்கள் படுக்க வேண்டும்" என்று ஆட்சேபித்தாள். நியாயம்தான். என் மூட்டுவலியையும் பாராமல் நானும் கருவூலரும் படுத்தோம். எங்கள் மீது ஒரு எண்ணெய்க் கப்பல் மெதுவாகக் கடந்துபோவதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார் புவான். ஆண்டுக்கு 80,000க்கும் மேற்பட்ட கப்பல்கள் போகின்றனவாம். மல்லாந்து கிடந்தபடியே அந்தக் கணக்கைக் கேட்டேன்.

கேள்வி நேரத்தில் லாரி ஓட்டும் தம்பி ஒருவர் எழுந்து, "பினாங்குப் பாலத்தில் நாங்கள் டோல் கட்டுகிறோம். கப்பல்காரர்கள் மட்டும் சும்மா போகலாமா?" என்றார். பலத்த கைதட்டல். கடந்துபோனதற்காக மட்டும் கட்டணம் கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்றார் புவான். ஆனால் கலங்கரை விளக்கத்துக்கும் மிதவைகளுக்கும் செலவு உண்டே. அதற்காக 2007இல் மூன்று நாடுகளும் ஒரு கூட்டுறவு ஏற்பாட்டைத் தொடங்கின. நீரிணையால் பயன்பெறும் நாடுகளும் அமைப்புகளும் தாமாக முன்வந்து அதன் நிதிக்குப் பணம் தருகின்றன. "அப்படியென்றால் டோல் இல்லை, மொய்!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். மொழிபெயர்த்துச் சொன்னதும் புவான் சிரித்து, அந்தச் சொல்லைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். குரல் கொடுத்தவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்தால் அடுத்த முறை மேடையில் அமர்த்துவோம்.

ஓர் இரவு வேலைக்கும் நன்றி சொல்ல வேண்டும். அச்சுக்குக் கொடுத்திருந்த தட்டிகள் வெள்ளிக்கிழமை மாலை வந்தன. தமிழெழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. அச்சகத்தில் போனை எடுக்கவில்லை. கோயில் திருவிழாவுக்குப் பதாகை எழுதும் அண்ணன், தூரிகையும் சாயமுமாக வந்து, விடியும்வரை ஏழு தட்டிகளைக் கையாலேயே எழுதி முடித்தார். ஒன்றில் 'நீரிணை' என்பது 'நீரினை' ஆகிவிட்டது. தனித்தனியாக என்னை ஓரமாக அழைத்து அதைச் சுட்டிக்காட்டிய நான்கு ஆசிரியர்களுக்கும் நன்றி.

எம்டன் பகுதி முழுக்கப் பிள்ளைகளின் கைவேலை. 1914 செப்டம்பரில் சென்னை மீது குண்டு வீசிய அந்த ஜெர்மானியக் கப்பல், அக்டோபர் 28 அன்று பினாங்குத் துறைக்குள் புகுந்து ரஷ்யக் கப்பலான ஜெம்சுக்கை மூழ்கடித்தது. ஆங்கிலேயக் கப்பல்போல் தெரிவதற்காகப் போலியாக நான்காவது புகைபோக்கி ஒன்றை வைத்துக்கொண்டு வந்தது. அட்டையில் செய்த புகைபோக்கியைக் கழற்றி மாட்டும் வேலைக்குப் பையன்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. தீர்த்துவைத்த வகுப்பாசிரியைக்கும், இரண்டு நாளும் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் கட்டிக்கொடுத்து, பணம் என்றதும் முறைத்த அக்காவுக்கும் எங்கள் வணக்கம்.

வரைபடமும் தட்டிகளும் இப்போது தமிழ்ப்பள்ளித் தாழ்வாரத்தில் இருக்கின்றன. ஈயக்குண்டுக் கயிறு தாத்தாவிடம் திரும்பிவிட்டது; பிள்ளைகள் சிக்கலாக்கியிருந்த இரண்டு முடிச்சுகளை அவரே அவிழ்த்துச் சரிசெய்துகொண்டார். மண்டபத்தில் ஒரு கறுப்புக் குடையும், மூடியில்லாத மூன்றடுக்குத் தூக்குச்சட்டி ஒன்றும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. உரியவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வந்து பெற்றுக்கொள்ளலாம்.

அன்புடன்,
வாசகர் வட்டச் செயலாளர்,
பட்டர்வொர்த், பினாங்கு