காரைக்கு மாணவர்களை அழைத்துவரும் நிலவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு வணக்கம்.

பெரம்பலூர் மாவட்டத்தில் காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் இடையில் மழை அரித்த அந்தக் களிமண் ஓடைகளுக்கு ஆண்டுதோறும் உங்கள் பேருந்துகள் வருகின்றன. நானும் அப்படி ஒரு பேருந்தில் வந்து இறங்கியவன்தான். முதலில் கண் கூசியது வெயிலில் மின்னும் ஜிப்சத் தகடுகளால். குனிந்தால் பெலம்னைட்டுகள். விரல் கனத்தில், ஒரு முனை கூராக, துப்பாக்கித் தோட்டா மாதிரி. கணவாய் மீனுக்கு உறவான ஓர் உயிரினத்தின் புதைபடிவமான உட்கூடு அது. ஒடிந்த ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். நடுப்புள்ளியிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் இழைகள் விரிந்திருந்தன. இங்கே சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது என்று வகுப்பில் கேட்டது அன்றுதான் கைக்குள் வந்தது. பை கொள்ளுமட்டும் அள்ளினேன். யாரும் தடுக்கவில்லை.

அவை இன்றும் என் வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. எந்த ஓடை, எந்தப் பாறை அடுக்கு என்று ஒரு வரிகூட நான் எழுதி வைக்கவில்லை.

அந்த ஒரு வரி இல்லாததால் போனது என்ன என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெலம்னைட்டின் கால்சைட்டில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளை, அதாவது எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்களை, அளந்து அன்றைய கடல்நீரின் வெப்பத்தைக் கணக்கிடுகிறார்கள். அடுக்கு தெரிந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள். சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடலுயிர்களான அம்மோனைட்டுகளும் அப்படித்தான். இனம் சட்சட்டென்று மாறியதால்தான் அவற்றை வைத்துப் பாறையின் வயதைச் சொல்ல முடிகிறது. இடத்தை விட்டுப் பெயர்த்த அம்மோனைட் மேசைக்கு அழகு, அவ்வளவுதான்.

"நாம் எடுக்காவிட்டால் அடுத்த மழை அடித்துக்கொண்டு போய்விடும்" என்று களத்தில் சொல்வார்கள். உண்மைதான். காரையில் மண் கரைவதால்தான் புதைபடிவமே வெளியே தெரிகிறது. நான் எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் மழை சுத்தியல் கொண்டு வருவதில்லை. ஓடைக் கரையில் இன்னும் பாதி புதைந்திருப்பதை நாற்பது பேர் ஆளுக்கொன்றாகக் கொத்தி எடுப்பதைத்தான் சொல்கிறேன்.

பக்கத்து அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டை நினைத்துப் பாருங்கள். அங்கே கிடைத்த பிருகத்காயோசாரஸ் டைனோசரின் எலும்புகள் 1980களில் ஆய்விதழில் பதிவாயின. உலகின் மிகப்பெரிய நிலவிலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று இன்றும் பேசுகிறார்கள். எலும்புகள்தான் இல்லை, நொறுங்கிப்போயின. படங்களும் அளவுகளும் மிஞ்சியதால்தான் அதைப் பற்றிப் பேசவாவது முடிகிறது. பதிவின் மதிப்பை மாணவர்களுக்கு இதைவிடக் கண்கூடாகக் காட்ட என்ன இருக்கிறது?

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். வந்து இறங்கியதும் முதல் ஒரு மணி நேரம் சுத்தியலும் பையும் பேருந்திலேயே இருக்கட்டும். கையில் நோட்டும் அளவு நாடாவும் கைப்பேசியும் போதும். இருக்கும் இடத்திலேயே படம் எடுத்து, அட்சரேகை தீர்க்கரேகையைக் குறித்து, அடுக்கை வரையட்டும். பிறகு உதிர்ந்து கிடப்பதில் வகுப்புக்கு வேண்டிய ஒன்றிரண்டை, சீட்டு எழுதி, துறையின் பெயரில் எடுத்துப் போகலாம். ஆளுக்கொரு பை வேண்டாம்.

தொட்டுப் பார்த்தால்தான் ஆசை பிறக்கும் என்று நினைப்பீர்கள். எனக்கும் அப்படித்தான் பிறந்தது. அதற்கு என் டின்னில் இருப்பவற்றைத் தருகிறேன். ஆய்வுக்கு அவை இனி உதவாது. முதலாண்டு மாணவர்கள் கையில் வைத்துத் திருப்பிப் பார்க்க நன்றாகவே உதவும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவர்களில் ஒருவன்