மண்டபத் திறப்பு (சாவி) தொடர்பாக: எங்கள் சனசமூக நிலைய நிர்வாக சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் சபையோருக்கு,

வணக்கம். போன சனி, ஞாயிறு எங்கள் மண்டபத்தில் நடந்த வரலாற்றுப் போர்ப் பலகை விளையாட்டுச் சந்திப்புக்கு நானும் போயிருந்தேன். அடுத்த மாதத்துக்கும் திறப்புக் கேட்டு வந்த பெடியளை, "நாங்கள் பட்டது காணாதோ, இனி மேசையில வைச்சும் சண்டை பிடிக்கவேணுமோ" என்று திருப்பி அனுப்பினீர்களாம். கேள்வி பிழையில்லை. சனி காலமை சைக்கிளை மதிலோடு சாத்தும்போது என் வயிற்றுக்குள்ளும் அதுதான் கிடந்தது. ஆனால் உங்களில் ஒருத்தரும் அந்த இரண்டு நாளும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. என் மனக்குறை அது.

வந்தது பதினொரு பேர். இரண்டு பேர் கொழும்பிலிருந்து யாழ்தேவி ரயிலில் வந்து இறங்கியவர்கள். பத்திரிகை மேசைகளை ஒன்றாக இழுத்துப் போட்டுப் படத்தை விரித்தார்கள். படம் முழுக்கத் தேன்வதை மாதிரி அறுகோணக் கட்டங்கள். அதன்மேல் பெருவிரல் நகமளவு மட்டைக் காய்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு இலக்கம்: ஒன்று அடிக்கிற பலம், மற்றது எத்தனை கட்டம் நடக்கலாம் என்பது. இரண்டு பக்கப் பலத்தையும் கணக்குப் பார்த்து, மூன்றுக்கு ஒன்றா, இரண்டுக்கு ஒன்றா என்று அட்டவணையில் தேடி, பிறகுதான் தாயக்கட்டை உருட்டுவது. உண்மையான சண்டை விதிப் புத்தகத்தின் பதினொராம் பக்கத்தைப் பற்றி மட்டும் நடந்தது. அதுவும் எங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டச் சத்தத்தில் கால்வாசி இராது.

புதுப் பழக்கம், பிள்ளைகளைக் கெடுக்கும் என்றும் சொன்னதாகக் கேள்வி. 1824இலேயே பிரசிய இராணுவம் தன் அதிகாரிகளை இப்படிப் படத்தில் பழக்கியது. கடையில் வாங்குகிற பெட்டியாக அமெரிக்காவில் சார்ள்ஸ் ரொபேர்ட்ஸ் கொண்டுவந்தது 1954இல். நாங்கள் வருசா வருசம் கிண்ணம் கொடுக்கிற சதுரங்கமும் பேரளவில் நாற்படைதான். ஆனால் சதுரங்கக் காய்க்குப் பசிக்காது. இந்தக் காய்களுக்குப் பசிக்கும்.

அதை எனக்கு விளங்கப்படுத்தியது இரண்டாம் மேசை. 1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடம் யாழ்ப்பாணத்தைப் பிடித்த கதையைப் பெடியள் தாங்களே விளையாட்டாகக் கீறிக்கொண்டு வந்திருந்தார்கள். கோட்டையை ஐந்து மூலையாகக் கீறியிருந்தார்கள். ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தம்பி, போர்த்துக்கேயன்ர கோட்டை நாலு மூலை. இந்த ஐஞ்சு மூலை பிறகு ஒல்லாந்தன் கட்டினது" என்றார். அன்றிரவே அழித்துக் கீறி, ஞாயிறு காலமை புதுப் படத்தோடு வந்தார்கள். இவர்களைத்தான் வரலாறு தெரியாத பிள்ளைகள் என்கிறோம்.

எனக்குப் போர்த்துக்கேயர் பக்கம் கிடைத்தது. ஊர்காவற்றுறைக் கடற்கோட்டை முதலில் போயிற்று, குடிதண்ணீர் இல்லாமல். பிறகு பெரிய கோட்டை. உள்ளே சனம் நிறைய, வெளியிலிருந்து ஒன்றும் வராது. ஒவ்வொரு சுற்றுக்கும் சாப்பாட்டுப் புள்ளியைக் குறை, நோய்க்குக் கட்டையை உருட்டு. உண்மையில் போர்த்துக்கேயர் மூன்று மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்து யூனில்தான் சரணடைந்தார்கள். நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே கையைத் தூக்கிவிட்டேன். "வழங்கல் பாதை அறுந்தால் காயின் பலம் பாதி" என்றொரு விதி. பொருளாளர் அண்ணை, யுத்தத்தில் பற்றரி தடைசெய்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட உங்களுக்கு அந்த விதியை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

இன்னொரு விதியில்தான் நான் தடக்குப்பட்டேன். ஒரு கட்டத்துக்குள் மூன்று காய்க்கு மேல் அடுக்கக்கூடாதாம். தெருவில் நெரிசல் வந்தால் படை நகராதாம். 1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்தத்தால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, மழைக்குள், நாவற்குழிப் பாலத்துக்குப் போகிற அந்த ஒற்றைத் தெருவில் நாங்கள் எத்தனை இலட்சம் பேர் ஒரே கட்டத்துக்குள் நின்றோம்! அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டினேன். விடியும்வரை ஒரு மைல் கடக்கவில்லை. இதைச் சொன்னதும் பெடியன் ஒருவன் விதிப் புத்தகத்தை மூடிவிட்டு, "சனத்துக்குக் காய் இல்லை, அங்கிள். அது பிழைதான்" என்றான். அவனுக்கு இருபது வயதிராது.

கொழும்பால் வந்தவரில் ஒருவர், எங்கள் யுத்தத்து ஆனையிறவுச் சண்டையை வைத்தும் ஒன்று செய்தால் என்ன என்று கேட்டார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் எழும்பித் தேத்தண்ணி ஊற்றப் போனார். உங்களுக்குள்ள பயம் அவர்களுக்கும் இருக்கிறது.

அறிவித்தல் பலகையில் அவர்கள் ஒட்டிய யுத்த டாங்கிப் படம் பிழை. கேற்றடியில் அதைக் கண்டு ஒரு அம்மா திரும்பிப் போனதை நானே பார்த்தேன். இனி ஒட்டமாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. மின்கட்டணத்தைத் தாங்களே கட்டுகிறார்களாம். நான் கேட்பது மாதத்தில் ஒரு சனி, ஞாயிறுக்குத் திறப்பு. இன்னொன்று: அடுத்த முறை முடிவெடுக்க முதல் சபையில் இரண்டு பேராவது ஒரு மணித்தியாலம் வந்து இருக்கவேணும். தலைவர் ஐயா 304 சீட்டு விளையாட்டில் கணக்குப் பிடிக்கிற ஆள். அவரை எழுப்புவதுதான் பிறகு பாடாக இருக்கும்.

ஞாயிறு பின்னேரம் எண்ணும்போது ஒல்லாந்தரின் பீரங்கிக் காய் ஒன்று குறைந்தது. நீல நிறம். புத்தக அலுமாரிக்கடியில் உருண்டிருக்கவேணும். கூட்டுகிற அக்கா கண்டால் குப்பையோடு தள்ளாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நிலைய அங்கத்தவன் ஒருவன்