இரவு வீடு திரும்பும் வழி

செவ்வாய்ப்பேட்டை, சேலம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. சனிக்கிழமை இரவு நீ பேசியபோது பின்னாலிருந்து வந்த கிதார், டிரம்ஸ் சத்தத்தில் நீ சொன்னதில் பாதி எனக்கு விளங்கவில்லை. 'அப்புறம் கூப்பிடுகிறேன்ப்பா' என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. நான்கு நாளாக உன் அழைப்பு வரவில்லை.

பெங்களூரு சர்ச் தெருவின் கல் பாவிய சாலையையும் பழைய புத்தகக் கடைகளையும் படமெடுத்து நீ அனுப்பியதை அம்மா தெருவில் எல்லோருக்கும் காட்டிவிட்டாள். பிரிகேட் சாலையிலிருந்து செயின்ட் மார்க்ஸ் சாலை வரை கடை கடையாக ஏறி இறங்கி, சொந்தச் சம்பளத்தில் என் மகள் புத்தகம் வாங்குகிறாள் என்பதில் எனக்கும் பெருமைதான். இந்திராநகர் 12-வது மெயின் சாலையில் நீ பாட்டுக் கேட்கப் போவதையும் குறை சொல்ல மாட்டேன். ஆடியில் நம் சேலம் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கை ஊர்வலத்துக்குப் போனால், சாமி வேடமிட்டவர்களுடன் கடைசி வண்டி கடந்துபோகும் வரை என் தோளைவிட்டு இறங்காதவள் நீ. தட்டுவடை செட்டிலிருந்து பீட்ரூட் துருவலை மட்டும் பொறுக்கி என் கையில் வைத்துவிட்டு, காரச் சட்னியில் கண் கலங்கியபடியே இன்னொரு செட் கேட்பாய். ஆனால் குகையிலிருந்து நம் வீட்டுக்கு எந்நேரமும் நடந்தே வந்துவிடலாம்.

அங்கே பார்கள் இரவு ஒரு மணி வரை திறந்திருப்பதாகவும், மெட்ரோ அதற்கு முன்பே நின்றுவிடுவதாகவும் சொல்கிறார்கள். அதன் பிறகு எப்படி வீடு சேர்கிறாய்? தனியாக ஆட்டோவில் ஏறாதே. ஏற வேண்டி வந்தால் வண்டி எண்ணை அம்மாவுக்கு அனுப்பு. போன மாதமும் இதைத்தான் சொன்னேன், நீ 'சரி' என்றாய், ஒரு எண்கூட இதுவரை வரவில்லை. வெறும் வயிற்றோடு போகாதே. தனியாக ஆட்டோவில் ஏறாதே.

அன்று நீ பேசிக்கொண்டிருக்கும்போதே, 'நேரமாகிறது, கிளம்பலாம்' என்று பக்கத்தில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. நேரத்தைக் கவனிக்கிற துணை இருப்பது நல்லதுதான். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

ஆடிக்கு இப்போதே லீவு சொல்லிவிடு. வண்டி வேடிக்கை பார்க்க விரும்புகிற நண்பர்கள் யாராக இருந்தாலும் கூட்டி வா. மாடி அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது.

அன்புடன்,
அப்பா