அழிந்த ஊரைக் கட்டும் விளையாட்டை வன்னி கவனிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

கணினி விளையாட்டுகள் இளைஞரின் நேரத்தைத் தின்கின்றன என்றும், சுடுவதையும் வெட்டுவதையும் தவிர அவற்றில் வேறொன்றும் இல்லை என்றும் அண்மையில் வாசகர் ஒருவர் உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். அவருடைய கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் போரால் அழிந்த நிலத்தில் மக்களைக் குடியேற்றி, அவர்களுக்குத் தண்ணீரும் உணவும் கூரையும் ஏற்படுத்திக் கொடுப்பதையே முழுநேர வேலையாகக் கொண்டு ஒரு விளையாட்டை ஆடுபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இலங்கையின் வடக்கே போரால் அழிந்த வன்னியில் இருப்பவர்கள் அதை வீண் பொழுதுபோக்கென்று தள்ளிவிடக் கூடாது. பிரதேச சபையொன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து, மீள்குடியேற்றக் காலத்தில் வீட்டுத்திட்டங்களின் அத்திவாரங்களை அளந்து திரிந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நான் குறிப்பிடுவது ‘ஃபோல்அவுட் 4’ என்ற விளையாட்டை. அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் 2015 நவம்பரில் அதை வெளியிட்டது. 2077 ஒக்டோபரில் நடக்கும் அணுவாயுதப் போரில் உலகம் எரிந்துபோக, நிலவறையொன்றில் உறைநிலையில் வைக்கப்பட்டிருந்த ஒருவர் 210 ஆண்டுகள் கழித்து, 2287 இல், பொஸ்டன் நகரின் புறத்தே வெளியில் வருகிறார். காணாமற்போன தம் மகனைத் தேடுவதுதான் கதை. எனினும் பலர் அந்தத் தேடலை ஒத்திவைத்துவிட்டு, தாம் முன்பு வாழ்ந்த சாங்சுவரி ஹில்ஸ் என்ற குடியிருப்பில் இடிபாடுகளை அகற்றத் தொடங்கி, அங்கிருந்து ஒவ்வோர் ஊராகக் கட்டிக்கொண்டே போகிறார்கள். அவ்வாறு கட்டக்கூடிய இடங்கள் ஏறத்தாழ 30 உண்டு. வன்முறைக் காட்சிகள் காரணமாக அமெரிக்காவில் இது 17 வயது நிரம்பியோருக்கு உரியதென்று வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பெற்றோர் மனத்திற்கொள்ள வேண்டும். நான் பேசுவது வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி.

இந்த விளையாட்டின் கணக்கு என் தொழிலில் இருந்தவர்களுக்கு உடனே பிடிபடும். குடியேறும் ஒவ்வொருவருக்கும் ஓரலகு உணவும் ஓரலகு தண்ணீரும் ஒரு படுக்கையும் வேண்டும். அந்தப் படுக்கைக்கு மேலே கூரை இல்லாவிட்டால் ஊரின் மகிழ்ச்சி குறையும். கைப்பம்பி மூன்று பேருக்குத் தண்ணீர் தரும், அதற்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் அதை மண்ணில்தான் நடலாம், சீமெந்துத் தளத்தின்மேல் நட முடியாது. நீர்நிலையில் இறக்கும் பெரிய சுத்திகரிப்பு இயந்திரம் 40 பேருக்குத் தரும், ஆனால் அதற்கு மின்பிறப்பாக்கி வேண்டும், மின்பிறப்பாக்கிக்குச் செம்பும் பற்சில்லும் திருகாணியும் வேண்டும், அவற்றுக்குக் கைவிடப்பட்ட அலுவலகங்களுக்குள் புகுந்து மேசை விசிறிகளையும் விளக்குகளையும் சுமந்துவர வேண்டும். ஒருவர் ஆறலகு பயிரைப் பராமரிப்பார். ஆகவே ஆறு வாய்க்கு ஓர் உழவர். உணவும் தண்ணீரும் பெருகப் பெருகக் கொள்ளையரின் கண்ணும் அந்த ஊர்மேல் விழும் என்பதால், அவ்விரண்டின் கூட்டுத்தொகைக்குக் குறையாமல் காவலும் இருக்க வேண்டும். (நமக்கு அந்த இடத்தில் யானையும் பன்றியும் குரங்கும் வருகின்றன, சோளம் முற்றும் காலத்தில் காவல் கொட்டிலில் விழித்திருந்தவர்களுக்கு இந்த விதியை யாரும் விளக்கத் தேவையில்லை.)

என் பெறாமகள் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள பொறியியல் பீடத்தில் படிக்கிறாள். ஸ்ரார்லைற் என்ற பழைய திறந்தவெளிப் படமாளிகையின் வளவில் அவள் கட்டியிருக்கும் ஊரை அருகிலிருந்து பார்த்தேன். துருப்பிடித்துக் கிடந்த கார்களையெல்லாம் உடைத்து இரும்பாக்கியிருந்தாள். நடுவிலிருந்த குட்டையிலிருந்து நச்சுப் பீப்பாய்களை அகற்றிய பின்பே அதில் சுத்திகரிப்பு இயந்திரத்தை இறக்கியிருந்தாள். வீடுகளை அவள் படுக்கைகள் அடுக்கிய மண்டபமாகக் கட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு விறாந்தை, பின்னால் வீட்டோடு ஒட்டாத குசினி, சுற்றிவர வேலி, வேலிக்குள் சோளம், படலைக்கு எதிரே ஒரு வாங்கு. அந்த விளையாட்டில் கிடைக்கும் சுவரும் கூரையும் வெட்டிவைத்த துண்டுகளாகவே வருகின்றன. வன்னி வெயிலுக்கும் மாரிக்கும் ஏற்றபடி கூரையைச் சுவருக்கு வெளியே நீட்டுவதற்கு அந்தத் துண்டுகளோடு அவள் நெடுநேரம் மல்லுக்கட்டினாள். அங்கே வெயில் யாரையும் சுடாது என்பது அவளுக்குத் தெரியும். தாழ்வாரம் இல்லாத வீட்டைக் கட்ட அவளுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு அந்த விளையாட்டில் ஒவ்வாதவை இருக்கின்றன. சாங்சுவரி ஹில்ஸில் முற்றாக விழுந்த வீடுகளை அகற்றலாம். ஆனால் பாதி நிற்கும் வீடுகளை அகற்றவும் முடியாது, அவற்றின் கூரையிலுள்ள ஓட்டைகளை அடைக்கவும் முடியாது. சில இடங்களில் எலும்புக்கூடுகளையும் குப்பையையும்கூட அப்புறப்படுத்த வழியில்லை. இருநூறு ஆண்டுகளாக ஒரு மனிதக்கூட்டம் தன் வாசலைக் கூட்டாமல் வாழ்ந்தது என்பதை நான் ஏற்கமாட்டேன். 2009 மே மாதத்துக்குப் பின் மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டிருந்து, பின்னர் கட்டம் கட்டமாகத் தங்கள் ஊர்களுக்கு அனுப்பப்பட்ட சனங்கள், தரப்பாளுக்குக் கீழே இருந்த நாட்களிலேயே கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கினார்கள், பற்றை வெட்டினார்கள், முற்றத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்தார்கள். வீடு அதற்குப் பிறகுதான் வந்தது.

இதைவிடப் பெரிய குறை காணி பற்றியது. அந்த விளையாட்டில் ஓரிடத்திலுள்ள பகைவரை விரட்டிவிட்டால், அல்லது அங்கிருக்கும் குடும்பத்துக்கு ஓர் உதவி செய்துவிட்டால், அந்த நிலம் முழுவதும் கட்டுபவரின் கைக்கு வந்துவிடும். பழைய உரிமையாளர் எவரும் காணி உறுதிப் பத்திரத்தோடு வந்து நிற்பதில்லை. வன்னியில் மீள்குடியேற்றத்தின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள் உண்டு. அந்தப் பத்திரத்தை இடப்பெயர்விலே தொலைத்தவர்கள் உண்டு. தமிழருக்கு எதிரான 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டி இருந்தும் எந்தப் பத்திரமும் கிடைக்காதவர்கள் உண்டு. 2017 இல் கேப்பாப்புலவில் படைமுகாமின் வாசலில் பிள்ளைகளோடு இரவுபகலாக இருந்து தங்கள் காணியைக் கேட்டவர்கள் உண்டு. சுவர் எழுப்புவதற்கு முன் எல்லை யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கும் என்பதைப் பொஸ்டனில் முப்பது ஊர் கட்டியவரும் அறியமாட்டார். ஒட்டுசுட்டானில் ஒரு மலசலகூடம் கட்டியவர் அறிவார்.

குடியேறுபவர்களுக்கு அங்கே வாயே இல்லை என்பதும் எனக்கு வருத்தமளிக்கிறது. எந்தப் படுக்கையில் யார் படுப்பது, யார் தோட்டத்தைப் பார்ப்பது, யார் காவலுக்கு நிற்பது என்பதையெல்லாம் கட்டுபவரே தீர்மானிக்கலாம். அவர்கள் நட்ட பயிரைப் பிடுங்கினாலும் எதிர்த்துக் கேட்கமாட்டார்கள். நிசத்தில் அவ்வாறு செய்யப் புறப்பட்டால் என்ன நடக்கும் என்பதை நாம் கண்டிருக்கிறோம். வடக்குக் கிழக்கில் 46,000 வீடுகளைக் கொண்ட இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடொன்றுக்கு 5,50,000 ரூபாய் பகுதி பகுதியாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே வந்தது. மேசனைப் பிடிப்பதும், கல் பறிப்பதும், வாசலை எந்தத் திசையில் வைப்பதென்று முடிவெடுப்பதும் வீட்டுக்காரரின் பொறுப்பாக இருந்தன. பணம் போதாமல் கடன்பட்டவர்களும், பூச்சுப் பூசாத சுவரோடு பல மாரிகளைக் கழித்தவர்களும் இருந்தார்கள் என்பது உண்மை. என்றாலும் அந்த வீடுகளோடு இன்று கூடுதல் அறையும் பத்தியும் சேர்ந்து நிற்பதைக் காணலாம், ஏனெனில் கட்டியவர்களே அவற்றில் இருக்கிறார்கள். அதன் பிறகு, வெளியிலிருந்து பாகங்களாகக் கொண்டுவந்து பொருத்தும் 65,000 உருக்கு வீடுகளைத் தருவதற்கு அரசு 2016 இல் முயன்றபோது, அவற்றின் வெக்கை, உறுதி, செலவு, பின்னர் பெருப்பிக்க முடியாமை ஆகியவற்றைச் சுட்டிக்காட்டி இங்கிருந்தே எதிர்ப்பு எழுந்தது. அந்த வாதங்களை இன்று இருபது வயதில் இருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் வெட்டிவைத்த கூரைத் துண்டோடு மல்லுக்கட்டிய ஒருத்திக்கு அவற்றை ஒரு மாலைப் பொழுதிலேயே விளங்கப்படுத்த என்னால் முடிந்தது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அந்த விளையாட்டில் நிலத்திலுள்ள கண்ணிவெடியைக் கிட்டப்போய்க் கையாலே செயலிழக்கச் செய்து எடுத்து வைத்துக்கொள்ளலாம். பழைய இரும்பு எதைத் தொட்டு உடைத்தாலும் ஊருக்குள் ஆபத்தில்லை. வன்னியில் பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கையையும் உயிரையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் இணைந்துகொண்ட பின்னும் முகமாலையில் அகற்றும் பணி நீண்டது. சந்தேகத்துக்குரிய பொருளைக் கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி, உரியவர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பதை இந்த விளையாட்டை ஆடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டிலுள்ளவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஆகவே பெற்றோரிடம் நான் கேட்பது இதுதான். பிள்ளை கணினியின் முன் ஊர் கட்டிக்கொண்டிருந்தால், பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மாரி வெள்ளம் எந்தப் பக்கமாக வடியும், இந்தக் குடும்பம் நாளை இன்னோர் அறை போட விரும்பினால் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எந்த வீடுகள் மூழ்கின, எவை தப்பின, ஏன் என்று நீங்கள் அறிந்ததைச் சொல்லுங்கள். சனசமூக நிலையங்கள் மாதத்தில் ஒரு மாலையை ஒதுக்கி, இவர்கள் கட்டிய ஊர்களைத் திரையில் காட்டச் சொல்லி, மேசன்மாரையும் தச்சர்மாரையும், தம் கையால் வீடு கட்டிய பெண் குடும்பத் தலைவிகளையும் முன்வரிசையில் இருத்தலாம். அந்தப் பெண்கள் கேட்கும் கேள்விகள் எந்தப் பாடநூலிலும் இல்லாதவை.

உங்கள் பத்திரிகையும் வார இதழில் கால் பக்கத்தை இதற்குத் தந்து, இளைஞர்கள் கட்டிய ஊர்களின் படங்களையும் அவற்றைப் பற்றி வீடு கட்டியவர்கள் கூறும் கருத்துகளையும் ஒன்றாக வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். தொடக்கத்துக்கு வேண்டிய படங்களை அனுப்பப் பெறாமகள் சம்மதித்திருக்கிறாள். அவற்றுக்கான குறிப்புகளை நான் எழுதித் தருவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்,
மாங்குளம்.