கூப்பன் பெட்டியில் போகும் முகவரிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் குப்பை மின்னஞ்சல்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள், கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள், வீட்டில் வயதானவர்களுக்கும் சொல்லி வையுங்கள். எல்லாம் சரிதான். ஆனால் பொறுப்பு முழுவதையும் கடிதம் வந்து சேருகிறவர் தலையில் கட்டியாயிற்று. அனுப்புகிறவனைப் பற்றி இருந்தது ஒன்றிரண்டு வரி, அதிலும் அவன் எங்கோ வெளிநாட்டில் இருட்டறைக்குள் குந்தியிருக்கும் திருடன்.

இந்தத் தொல்லையைத் தொடங்கி வைத்தவர் திருடனே இல்லை, பெரிய கம்பனியில் விற்பனைப் பிரிவில் இருந்த ஒரு கனவான். 1978 மே மாதம், டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் கேரி துர்க், இன்றைய இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்கு, எங்கள் புதுக் கணினியைப் பார்க்க வாருங்கள் என்று ஒரே கடிதத்தை அனுப்பினார். பெறுநர் பகுதியில் முகவரிகள் கொள்ளாமல் கடிதத்துக்குள்ளேயே வழிந்துவிட்டன. ஏச்சும் கண்டிப்பும் வந்தன, இருந்தாலும் அந்த ஒரு கடிதத்தால் ஒரு கோடி டொலருக்கு மேல் வியாபாரம் நடந்தது என்று அவரே பிறகு பெருமையாகச் சொன்னார். அப்புறம் 1994 ஏப்ரலில், அமெரிக்கக் கிரீன் கார்ட் குலுக்கலுக்கு விண்ணப்பம் போட்டுத் தருகிறோம் என்று யூஸ்நெட் என்ற அந்தக் கால இணையக் கலந்துரையாடல் களத்தின் ஆயிரக்கணக்கான குழுக்களில் ஒரே விளம்பரத்தைக் கொட்டியவர்கள் கான்டர், சீகல் என்ற தம்பதி. இருவரும் சட்டத்தரணிகள்! இன்று வெள்ளவத்தையில் யாருடைய மின்னஞ்சலைத் திறந்தாலும் கனடா விசா, பிணை தேவையில்லை, குடும்பத்தோடு போகலாம் என்று நாலைந்து கிடக்கும். நாடுதான் மாறியிருக்கிறது, சரக்கு அதேதான்.

ஏன் நிற்கவில்லை என்றால், அனுப்புகிறவனுக்குச் செலவே இல்லை. 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் ஸ்டோர்ம் என்ற வலைக்குள் புகுந்து கணக்கெடுத்தார்கள். வைரஸ் தொற்றிய மற்றவர்களின் கணினிகளைச் சொந்தக்காரருக்கே தெரியாமல் வேலை வாங்கி அஞ்சல் அனுப்புகிற வலை அது. ஏறக்குறைய 35 கோடி மருந்து விளம்பரங்கள் போனதில் வாங்க வந்தவர்கள் 28 பேர். முத்திரை ஒட்டி அனுப்புகிறவன் என்றால் முதல் நாளே கடையைப் பூட்டியிருப்பான், இவனுக்கு அந்த 28 பேரே போதும். அதே ஆண்டு நவம்பரில் கலிபோர்னியாவில், இப்படியான வலைகளை இயக்கும் கணினிகளுக்கு இடம் கொடுத்திருந்த மக்கோலோ என்ற ஒரேயொரு நிறுவனத்தின் இணைய இணைப்பைத் துண்டித்ததும் உலகம் முழுக்கக் குப்பை அஞ்சல் பாதிக்கும் மேல் குறைந்தது. சில மாதங்களில் பழையபடி ஏறிவிட்டது என்பது வேறு கதை. ஆனால் அந்தக் குறைவு யாரும் இணைப்பைத் தொடாமல் இருந்ததால் வந்ததல்ல, ஊற்றை அடைத்ததால் வந்தது.

சரி, கொழும்புக்கு வருவோம். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு காலி வீதியில் ஏதாவது புடவைக்கடையில் நின்று பாருங்கள். பில்லோடு ஒரு கூப்பன் தருவார்கள்: பெயர், அடையாள அட்டை இலக்கம், கைத்தொலைபேசி, மின்னஞ்சல், பிறந்த திகதி. முதல் பரிசு ஸ்கூட்டர். பின்னால் ஆட்கள் நிற்க, அந்த அவசரத்தில் பிள்ளையின் முதுகில் வைத்தே எழுதிக் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வருகிறோம். ஸ்கூட்டர் யாருக்குப் போனது என்பது கடைக்காரருக்கே வெளிச்சம். தை மாதம் பிறக்கும்போது பெயர் கேள்விப்படாத ஒரு கம்பனி தொடர்மாடி வீடு விற்க வருகிறது, இன்னொன்று காப்புறுதி, மூன்றாவது லண்டன் பட்டப்படிப்பு. ஒரு கல்வி நிலையம் எனக்கு அனுப்பிய அஞ்சலில் பெறுநர் எல்லோருடைய முகவரியும் அப்படியே வரிசையாகத் தெரிந்தது. அதில் ஒருவர் "என்னை எடுத்து விடுங்கள்" என்று எல்லோருக்கும் பதில் போட, இன்னொருவர் "எனக்கும்தான்" என்று போட, பின்னேரம் வரை போன் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது. 1978இல் வழிந்தது இன்னும் வழிகிறது.

திருடன் பிறகுதான் வருகிறான், இந்தப் பட்டியல்கள் கைமாறிக் கைமாறி அவனிடம் போய்ச் சேரும்போது. தபால் திணைக்களத்தின் பெயரில் உங்கள் பொதி தேங்கிக் கிடக்கிறது, சிறு தொகை கட்டுங்கள் என்பான், வங்கியின் பெயரில் கணக்கு முடங்கிவிட்டது என்பான். முன்பு அவனுடைய ஓட்டை ஆங்கிலமே காட்டிக்கொடுத்துவிடும். இப்போது நல்ல தமிழில் எழுதுகிறான், அதோடு நம் பெயரும் பிழையில்லாமல் இருக்கிறது. அதுவும் நாமே கூப்பனில் எழுதியதுதானோ என்னவோ.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், சம்மதம் இல்லாமல் விளம்பரச் செய்தி அனுப்பக்கூடாது என்பதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அதை முதலில் காட்ட வேண்டியது காலி வீதிக் கடைகளுக்கு. அவர்களுக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது, வரி இலக்கம் இருக்கிறது, தேடிப் பிடிக்கப் பொலிஸ் படை தேவையில்லை. கூப்பனில் பெயரும் ஒரு போன் இலக்கமும் போதாதா? பரிசு கொடுக்க என் பிறந்த திகதி எதற்கு?

கடைசியாக ஒன்று, கோபிக்க வேண்டாம். உங்கள் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டிக் கூப்பனிலும் மின்னஞ்சல் முகவரி கேட்கிறீர்கள். போட்டி முடிந்த பிறகு அந்தக் கூப்பன்கள் எங்கே போகின்றன என்று இதே பக்கத்தில் எழுதுவீர்களா?

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06