டிரெய்லர் வாங்கத் துடிக்கும் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்ளே,

காருக்குப் பின்னால் இழுத்துப்போய் உள்ளேயே படுத்துக்கொள்ளும் வீட்டு டிரெய்லர் வாங்கப்போவதாக எழுதியிருந்தாய். பதில் போட லேட்டாகிவிட்டது, திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

"அலுமினிய ஃபிரேம் சார், மக்கவே மக்காது" என்று கடைக்காரர் சொன்னதும் தலையாட்டிவிட்டாயாமே, கணக்குப் புலி! எந்தெந்தப் பக்கம் அலுமினியம் என்று கேட்டாயா? பல வண்டிகளில் பக்கச் சுவர் மட்டும்தான் அப்படி. கூரைச் சட்டம், தரை, சிலதில் முன்சுவர்கூட மரம்தான்.

நீ இளக்காரமாகப் பேசும் மர வண்டியில், 1.5 அங்குலச் சதுரச் சட்டங்களை ஸ்டேப்பிள் அடித்துச் சேர்த்திருப்பார்கள் (பெயர் என்னவோ டூ-பை-டூ, அதாவது இரண்டுக்கு இரண்டு அங்குலம்). நடுவில் கண்ணாடிப் பஞ்சு, வெளியே நெளி அலுமினியத் தகடு. தண்ணீர் புகுந்தால் மரம் மக்கும், மறுக்கவில்லை. ஆனால் பிரிக்கலாம். மூலை மோல்டிங்கில் வினைல் பட்டையை உருவி, திருகைக் கழற்றி, மேலேயிருந்து தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்தால் சட்டம் தெரியும். மக்கியதை அறுத்துப் புதுசு வை. இடுக்கில் நீர் புகாமல் ஒட்டியிருக்கும் பழைய பியூட்டைல் டேப்பைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டி மூடு. உன் கராஜிலேயே முடியும்.

அலுமினியச் சுவரில் சட்டமாக வெல்டு வைத்த அலுமினியக் குழாய், ஃபோம், ஃபைபர்கிளாஸ் எல்லாம் பசையோடு ஒரே பலகை. எடை குறைவு, பார்க்கவும் வழவழவென்று இருக்கும். ஃபைபர்கிளாஸுக்குப் பின்னால் பெரும்பாலும் லுவான் என்ற மெல்லிய பிளைவுட். ஜன்னல் ஓரத்திலோ விளக்குத் துளையிலோ கசிந்த நீரை அது உறிஞ்சும், பசை விட்டுப்போகும், சுவர் அப்பளம் மாதிரி உப்பும். குழாய் ஜம்மென்று இருக்கும், சுவர்தான் போயிருக்கும். அதில் ஒரு மூலையை மட்டும் பிரித்துப் பழுது பார்க்க முடியாது. சுவரையே மாற்று என்பார்கள். பழைய வண்டிக்கு அது கட்டுப்படியாகாது. லுவானுக்குப் பதில் அஸ்டெல் (மரமே இல்லாத பிளாஸ்டிக்-கண்ணாடி இழைப் பலகை) போட்டிருந்தால் மக்காது. ஆனால் உள்ளே வந்த தண்ணீர் தரைப் பலகைக்கு இறங்குவதை அதுவும் தடுக்காது.

இன்னொன்று, நீ இருப்பது கடுங்குளிர் அடிக்கும் அமெரிக்காவின் மினியாபொலிஸில். அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். குளிரில் படுத்தால், குழாய் ஓடும் இடமெல்லாம் உள்சுவர் கோடு கோடாக வியர்க்கும். மெத்தை சுவரை ஒட்டியிருந்தால் பூஞ்சைதான்.

வாங்குமுன் சாயங்கால வெயிலில் சுவரோரம் கண்ணை வைத்துப் பார், உப்பல் தெரியும். ஊசி வைத்த ஈர மீட்டரால் ஜன்னல்களுக்குக் கீழேயும் மூலைகளிலும் உள்பலகையைக் குத்து. 15 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி, 20 தாண்டினால் நடையைக் கட்டு. அலுமினியக் குழாய் மேல் குத்திவிட்டு எகிறிய எண்ணைப் பார்த்து அலறாதே! தரையின் நான்கு மூலையையும் குதிகாலால் அழுத்து. கூரை ஓரத்தில் கசிவை அடைக்க யாராவது சிலிக்கோன் பசை அப்பியிருந்தால், அதன் மேல் வேறெதுவும் ஒட்டாது, மொத்தமும் சுரண்டியாக வேண்டும்.

ரம்பம் பிடிக்கத் தெரிந்த உனக்கு, கசியாத மர வண்டியே போதும் என்பேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். மீட்டர் காட்டிய எண்களை எழுது.

உன்
பழைய ரூம்மேட்