தலையணை ஒன்று போதும்

கும்பகோணம்
ஞாயிறு காலை

அன்புள்ள கலா,

கோபமாக இருப்பாய், தெரியும். பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை, போன் அடித்தாலும் எடுக்கவில்லை, சாந்தி மகள் கல்யாணத்தில் பார்த்ததோடு சரி. திட்டையெல்லாம் சேர்த்து வை, நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சின்னவன் ஓசூரிலேயே நிலைத்துவிட்டான். அத்தை வழக்கம்போல.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஆபரேஷன் செய்துகொண்டேன். பதறாதே, நெஞ்செரிச்சலுக்குத்தான். நாலு மாதம் ஆகிறது. நேற்று ராத்திரி ஒரே தலையணை வைத்து, மல்லாந்து படுத்து, பால்காரர் மணி அடிக்கும்வரை தூங்கினேன். எழுந்ததும் உனக்கு எழுதத் தோன்றியது.

பதினோரு வருஷம் கலா. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அவர் செங்கல் வைத்துக் கொடுத்தார். அதற்கு மேல் மூன்று தலையணை. அப்படியும் ராத்திரி ஒரு மணிக்குப் புளித்த தண்ணீர் தொண்டைவரை ஏறி, மூச்சடைத்து எழுந்து உட்காருவேன். ஒருநாள் மாரடைப்பு என்றே நினைத்து ஈசிஜி எடுக்க ஓடினோம். காலையில் மூன்றாவது பீரியடுக்குள் குரல் கம்மிவிடும். செய்யுளை ராகம் போட்டுச் சொல்லித்தருவதில் எனக்கு இருந்த ஆசை உனக்குத் தெரியும். கடைசி இரண்டு வருஷம் போர்டில் எழுதிப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். எரிச்சலைவிட அதுதான் அழவைத்தது.

மாத்திரையா? வெறும் வயிற்றில் பான்டோபிரசோல், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்குவது. நீயும் அதே கட்சிதானே. சீரகத் தண்ணீர், ஓமத் தண்ணீர், இஞ்சி முரப்பா, உன் அம்மா சொன்ன மணத்தக்காளி, ஒன்றையும் விடவில்லை.

திருச்சியில் பார்த்த டாக்டர்தான் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் வளையமாக ஒரு தசை, சுருக்குப்பை வாய்போல. எனக்கு அந்தச் சுருக்கு தளர்ந்துவிட்டது. போதாததற்கு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசையில் உணவுக்குழாய் நுழையும் ஓட்டை அகன்று, இரைப்பையின் மேல்பாகம் மூன்று சென்டிமீட்டர் நெஞ்சுக்குள் ஏறியிருந்தது. ஹயாட்டஸ் ஹெர்னியா என்றார். "மாத்திரை புளிப்பைக் குறைக்கும்மா, மேலே ஏறுவதைத் தடுக்காது." இந்த ஒரு வரியை இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

உடனே கத்தி எடுக்கவில்லை. முதலில் எண்டோஸ்கோபி, கேமரா வைத்த குழாயை வாய் வழியாக விட்டுப் பார்ப்பது. பிறகு ஒரு வாரம் மாத்திரையை நிறுத்தச் சொன்னார், அந்த வாரம் நரகம். அப்புறம் மூக்கு வழியாக நூல்போல ஒரு குழாயை இறக்கி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி அனுப்பினார்கள், 24 மணி நேரம் அமிலம் ஏறுவதை அளக்க. எரிந்தால் ஒரு பட்டன், படுத்தால் ஒரு பட்டன். நாத்தனார் வீட்டில் முந்தானையால் அதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னொரு குழாய் வைத்து, விழுங்கும்போது உணவுக்குழாய் எவ்வளவு பலமாக அமுக்குகிறது என்று அளந்தார்கள். எனக்கு அது கொஞ்சம் பலவீனம். அதனால் முழுச்சுற்று வேண்டாம், முக்கால் சுற்று, 270 டிகிரி போதும் என்று முடிவு செய்தார்.

சுற்று என்றால், இரைப்பையின் மேல்பாகத்தையே இழுத்து, உணவுக்குழாயின் அடியில் கழுத்தில் துண்டு போடுவதுபோலச் சுற்றித் தைப்பது. அதற்கு முன் அந்த ஓட்டையையும் தைத்துச் சிறிதாக்குவார்கள். முழுச்சுற்று முறையை ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற டாக்டர் 1956-இல் வெளியிட்டார். யாரென்று தெரிகிறதா? 1948-இல் உன் ஐன்ஸ்டீனின் வயிற்றில் வீங்கியிருந்த ரத்தக்குழாயை செலோபேன் தாளால் சுற்றிவைத்தவர்! டாக்டர் இதைச் சொன்னபோது, ஸ்டாஃப் ரூமில் நீ ஒட்டிவைத்து ஹெட்மாஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அந்தப் படம்தான் ஞாபகம் வந்தது. அப்போதெல்லாம் வயிற்றைத் திறந்து செய்திருக்கிறார்கள். 1991-இல் பெல்ஜியத்தில் லேப்ராஸ்கோபி மூலம், சின்னத் துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் விட்டு, செய்து காட்டினார்கள். எனக்கு ஐந்து துளை. பெரியதுகூட ஒரு விரல் அகலத்துக்குள்தான்.

வலி வயிற்றில் இல்லை, வலது தோளில்! வயிற்றை உப்பவைக்க கார்பன் டை ஆக்சைடு அடைக்கிறார்கள். அது உதரவிதானத்தை உறுத்த, அதே நரம்பின் வழியில் தோள் வலிக்கிறது. இரண்டு நாள் நடந்தேன், போய்விட்டது. மூன்றாம் நாள் வீடு. ஒரு வாரம் கஞ்சித் தண்ணீர், மோர், ரசத்தின் தெளிவு. அப்புறம் குழைந்த சாதம். சப்பாத்தியும் பிரெட்டும் ரொம்ப நாள் கிட்டே வரவில்லை. முதல் மாதம் இட்லிகூட நெஞ்சில் நின்று நின்றுதான் இறங்கியது. வீக்கம் வடிந்தால் சரியாகும் என்றார், சரியானது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஏப்பம் முன்போல வருவதில்லை, வயிறு உப்புகிறது. சோடா கூடாது. சிலருக்கு வருஷங்கள் கழித்து மாத்திரை திரும்ப வேண்டியிருக்கலாம் என்று முன்கூட்டியே சொன்னார். குரலுக்கும் உத்தரவாதம் தரவில்லை. ஆனால் போன வாரம் பத்தாம் வகுப்பில் ஒரு கலித்தொகைப் பாட்டை முழுசாகப் பாடிவிட்டேன். பின்பெஞ்சு பையன்கள்கூடச் சத்தம் போடவில்லை.

இப்போது உன் விஷயம். சாந்தி வீட்டுப் பந்தியில் வடை உனக்குத் தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்தாய், நெஞ்சைத் தட்டினாய், "ஒன்றுமில்லை" என்று சிரித்தாய். அதற்கு முன்னாலும் இப்படி ஆகியிருக்கிறது என்று உன் மருமகள் என்னிடம் சொன்னாள். எனக்கு நடந்தது உனக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆபரேஷன் வேண்டுமா என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் சாப்பாடு நிற்கிறது என்றால் குழாய் விட்டுப் பார்த்தே ஆகவேண்டும் என்று டாக்டர் என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். வருஷக்கணக்கில் அமிலம் பட்டால் உள்தோல் மாறும், சுருங்கும், அரிதாக அதற்கு மேலும் போகும். அந்தக் கடைசிச் சொல்லை எழுதக் கை வரவில்லை. நீ மாத்திரையில் எரிச்சலை அடக்கிக்கொண்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமலே இருக்கிறாய். எனக்குப் பயமாக இருக்கிறது கலா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி மாயவரம் வருகிறேன். மறுநாள் காலைக்கு உனக்கு எண்டோஸ்கோபிக்கு நேரம் வாங்க உன் மருமகளிடம் சொல்லியாயிற்று. ராத்திரி சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துக்கொள், காலையில் காபிகூடக் கிடையாது.

உன்
மீனா